மஞ்சள் முடிக்காரிக்கு நான் கொடுத்த குரல்

"2008 மார்ச் 11, செவ்வாய். கண்ணாடி வந்தது. இன்று நான் நோயாளி."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது. உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லாத சந்தோஷம்.

அப்போது இரத்தினபுரியில் தாதியர் பயிற்சி, இரண்டாம் வருடம். வகுப்பில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான் ஒருத்திதான்; கஹவத்தைப் பக்கம். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி சிங்களப் பெண், என்னைவிட மூத்தவள். நான் அவளை அக்கே என்பேன், அவள் என்னைத் தங்கை என்று சிங்களத்தில் நங்கி என்பாள்.

முந்திய வாரம் பிரசவ வார்டு செய்முறைப் பரீட்சையில் அக்கே தவறிவிட்டாள். தோட்டத்துத் தாய் ஒருத்தியிடம், "ரத்தம் நிறைய போகுதா?" என்று நல்ல தமிழில்தான் கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க மிஸ்ஸி" என்றாள் தாய். அக்கே நம்பி நகர்ந்தாள். வார்டு சிஸ்டர் போர்வையைத் தூக்கினால் விரிப்பெல்லாம் ரத்தம். வியாழக்கிழமை மறுபரீட்சை. அதிலும் தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

வெளிநாட்டில் படிப்பிக்கும் டாக்டர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கண்ணாடியை ஒரு நாளுக்குக் கொண்டுவந்தார். கண்ணை மூடும் கறுப்புப் பெட்டி. வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். போட்டுக்கொண்டால் வார்டு! தலையைத் திருப்பினால் ஜன்னல், குனிந்தால் கட்டில், கட்டிலில் பிள்ளை பெற்ற மஞ்சள் முடிக்காரி, பக்கத்தில் அவள் புருஷன். போட்டவள் காண்பது எங்களுக்குத் திரையில் தெரியும். அவள் செய்வதை வாயால் சொல்ல, டியூட்டர் மிஸ் விசைகளைத் தட்டுவார். முதலில் போட்டவள் இல்லாத கட்டிலில் கையை ஊன்றப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

நோயாளி இங்கிலீஷில் பேசினாள். மிஸ் சத்தத்தை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ பேசு. உங்க தோட்டத்து அம்மா மாதிரியே."

அக்கே கண்ணாடியைப் போட்டாள். "அம்மா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேங்க மிஸ்ஸி" என்று இழுத்தேன். வகுப்பே சிரித்தது.

"ரத்தம் போகுதா?"

திரையில் நாடி ஏறிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "ஒண்ணுமில்லீங்க மிஸ்ஸி."

மஞ்சள் முடிக்காரி வெளுத்தாள். திரை இருண்டது.

அக்கே சிங்களத்தில் பாய்ந்தாள். "பைத்தியமா நங்கி உனக்கு? சாகப் போறவள் ஒண்ணுமில்லை என்பாளா?"

"புருஷன் பக்கத்துல நிக்கிறாரே அக்கே. அவரு முன்னால எப்படிச் சொல்றது?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அக்கே கண்ணாடியைக் கழற்றினாள்.

"அன்றைக்கும் புருஷன் இருந்தான்" என்றாள். "சாப்பாட்டுப் பார்சலோடு."

திரும்பவும் கண்ணாடியைப் போட்டாள். இம்முறை கட்டிலை நெருங்குமுன்பே வெறும் காற்றைப் பார்த்து, "ஐயா, போய் சுடுதண்ணி கொண்டு வாங்க!" என்று அதட்டினாள். மிஸ் அவசரமாக ஏதோ தட்ட, திரையில் புருஷன் மறைந்தான். அக்கே குனிந்து, "இப்ப சொல்லுங்கம்மா" என்றாள்.

"போகுதுங்க மிஸ்ஸி. நிறைய."

போர்வையை விலக்கினாள், கர்ப்பப்பை சுருங்க அடிவயிற்றைத் தேய்த்தாள், உதவிக்குக் கூப்பிட்டாள். நாடி இறங்கி நிதானமானது. கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்ததுபோல் நாங்கள் கத்தினோம்.

வியாழக்கிழமை அவளுக்குக் கிடைத்தவளும் ஒரு தோட்டத்துத் தாய்தான். பகல், பார்வையாளர் நேரம். பக்கத்தில் புருஷன், கையில் ஃபிளாஸ்க். நான் வார்டு வாசலில் நின்றேன்.

"ஐயா, சுடுதண்ணி கொண்டு வாங்க."

அவர் ஃபிளாஸ்க்கை ஆட்டிக் காட்டினார். "இருக்குதுங்க மிஸ்ஸி."

"இன்னும் வேணும்!"

அவர் ஓடினார். அந்தத் தாய் வாய் திறந்தாள். அக்கே பாஸ்.

பரீட்சை வைத்தவர் செவ்வாயன்று எங்கள் வகுப்பின் பின்கதவருகே நின்று பார்த்தார், அதனால்தான் புருஷன் வந்த நேரம் பார்த்து அந்தக் கட்டிலைக் கொடுத்தார் என்று அக்கே இன்றும் சாதிக்கிறாள். அன்று வெளியாள் யாரும் வரவில்லை என்கிறார் மிஸ். எது சரியென்று இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.