பட்டினி ஆகாத ஒடம்பு

சுலக்ஷனாவுக்கு சோம்பேறின்னு பேரு வச்சது கங்காணி இல்ல, கூட கொழுந்து எடுக்குறவளுகதான். காலையில எல்லாருக்கும் முன்னால மலை ஏறுவா. வெயில் ஏறுனதும் தேயிலைச் செடியப் புடிச்சுக்கிட்டு நின்னுருவா. தொடை ரெண்டும் ஊறப்போட்ட அவலாட்டம் கொழஞ்சு போயிரும். "மகாராணிக்கு நாக்காலி போடுங்கடி"ன்னு சிரிப்பாளுக. அடுத்தவ நோவுன்னா இவளுகளுக்கு அவல் தின்ன மாதிரி.

அவளுக்குத் தெரிஞ்ச வைத்தியம் விரதம். வெள்ளிக்கெழம ஒரு நேரந்தான் சாப்புட்டா. கால் இன்னும் தளந்துச்சு. மாரியாத்தாளுக்குப் பத்தலன்னு செவ்வாயையும் சேத்தா. அப்பயும் தீரல. கடசியில மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கிட்டா. கறி மீனு கெடையாது, பொழுது சாஞ்சு ஒரு வாய் சோறு. பால்கொடம் எடுத்து ஆத்தா தலையில ஊத்திட்டா காலு நேராயிரும்னு நம்புனா.

அதுக்கு முந்தியே ஒரு தடவ மலைத்தண்ணி விழுற பீலியில கொடம் புடிக்கப் போனவ மயங்கி விழுந்து, டவுன் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து கொழும்புக்கு அனுப்பியிருந்தாங்க. காப்பு கட்டுன பொறகு வரச்சொல்லி போன் வந்துச்சு. காப்போட தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதுன்னு அவ நகரல. புருசன் ஜீவராஜ்தான் தனியாப் போனான்.

டாக்டர் ஒரு சிங்களப் பொண்ணு. ஜீவராஜுக்கு சிங்களம் நல்லாப் புரியும். "ஒங்க வீட்டுக்காரம்மா ஒடம்புல கார்னிட்டின்னு ஒண்ணு தங்க மாட்டேங்குது. பொறவியிலயே அப்பிடித்தான், ஒண்ணுக்கோட போயிருது"ன்னா. "சாப்புட்ட சோறு எரிஞ்சு தீந்ததும் ஒடம்பு கொழுப்ப எரிக்கணும். அந்தக் கொழுப்ப சதைக்குள்ள அடுப்பு வரைக்கும் தூக்கிட்டுப் போறது இந்தக் கார்னிட்டின்தான்."

ஜீவராஜ் பேக்டரியில தேயில காய வைக்கிற போறணைக்கு வெறகு போடுறவன். அவனுக்கு வெளக்கம் வேண்டியிருக்கல. முத்தம் நெறைய வெறகு அடுக்கிக் கெடக்கு, தூக்கி உள்ள போட ஆளில்ல. போறணை அணைஞ்சுதானே போகும்.

"அவ விரதம் இருக்கா, மிஸ். கறியும் தின்னல."

டாக்டர் பேனாவக் கீழ வச்சா. "கறியிலதான் அது கொஞ்சமாவது கெடைக்கும். அதையும் விட்டு, பட்டினியும் கெடந்தா எப்பிடி? நெஞ்சும் சதைதானே. அதுக்கும் அதே அடுப்புத்தான்."

"திருவிழா முடியிற வரைக்கும் பொறுக்கலாமா?"

"இன்னைக்கே சாப்புடச் சொல்லுங்க."

டாக்டர் குடுத்த மருந்துப் போத்தல மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஒக்காந்தவன், வளைவுக்கு வளைவு எந்திரிச்சு வழியப் பாத்தான். தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஓட்டமா வந்தான். அவ வாசல்ல மொளகா காயப் போட்டுக்கிட்டிருந்தா. அவ உசுரோட இருக்குறதப் பாத்த பொறகுதான் செருப்பக் கழட்டுனான்.

டாக்டர் சொன்னத அவன் சொல்லச் சொல்லக் கேட்டா. "மருந்து குடிக்கிறேங்க. பகல் சோறும் கறியும் பால்கொடம் எடுத்த பொறகுதான்."

"செத்துப் போவடி."

"காப்ப இடையில அவுத்தா மக கேஷிகாவுக்கு ஏதாச்சும் ஆயிரும். ஒங்களுக்கென்ன, சாமியாவது பூதமாவது."

அவன் கெஞ்சுனான், கத்துனான், சோத்துப் பானையத் தூக்கி முன்னால வச்சான். அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா. அழுத்தக்காரி. ராத்திரி முழுக்க அவ மூச்சக் கேட்டுக்கிட்டே கெடந்தான்.

பால்கொடத்தன்னைக்கு ஆத்தங்கரையில தப்பு அடிக்கிறாங்க. கொடத்தத் தூக்கப் போனவ அப்பிடியே கல்லுல ஒக்காந்துட்டா. ஒதடு வெளுத்துருச்சு. "நெஞ்சு படபடங்குது"ன்னா.

ஜீவராஜ் பூசாரி ஆண்டியப்பன் முன்னால போயி கைய நீட்டுனான். "அவ காப்ப எனக்குக் கட்டுங்க, மாமா."

"நீயா? போன வாரங்கூட பன்னிக்கறி தின்னியே."

"இனிமே திங்கல. புருசன் பொண்டாட்டி ஒரே ஒடம்புன்னு கல்யாணத்துல நீங்கதானே சொன்னீங்க. ஆத்தாளுக்கு பால்தானே வேணும், இவ பொணமா வேணும்?"

பூசாரி அவ வெளுத்த மொகத்தப் பாத்தாரு. "ஆத்துல முழுகிட்டு வா"ன்னாரு. ஈரத்தோட வந்தவனுக்கு, அவ கையில இருந்த மஞ்சத்துணிக் காப்ப அவுத்துக் கட்டிவிட்டாரு. அவ தடுக்கல. தடுக்க கையில தெம்பில்ல.

ஜீவராஜ் வீட்டுலயிருந்து துணியில சுத்திக் கொண்டாந்த ரொட்டியையும் சீனியையும் அவ மடியில வச்சான். அவ சனத்துக்கு முதுகக் காட்டி ஒரு துண்டு கடிச்சா. கன்னத்துல அடக்கி வச்சுக்கிட்டு இவனையே பாத்தா.

"முழுங்கு, புள்ள."

கண்ணத் தொடச்சுக்கிட்டு முழுங்குனா. மருந்தையும் குடிச்சா.

தப்பு நகந்துச்சு. ஜீவராஜ் கொடத்தத் தலையில வச்சு மேட்டுல ஏறுனான். ரெண்டு எட்டு வைப்பான், திரும்புவான்.

"முன்னால பாத்து நடடா, பால் சிந்துது"ன்னாரு பூசாரி.

"சிந்தட்டும், மாமா. அவ வாய் அசையுதான்னு பாக்குறேன்."