வார்னிஷ் படாத இடப்பாதி

சித்தப்பா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மெல்பேர்னில், மல்கிரேவில் அலுவலக மேசையில் ஒரு வீட்டின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அப்பா முதலில் வண்டியைப் பற்றித்தான் கேட்டார்.

"பிள்ளை, வண்டியின்ர கூரை ஜன்னலைப் பூட்டினனியோ? மழை வரப்போகுது."

பூட்டிவிட்டேன் என்றேன். பிறகு, "சித்தப்பா போயிட்டார்" என்றார். நான் திரையில் பாதியில் நின்ற கோட்டை இழுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவு மலரான கல்வெட்டுக்கு நான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் என்பதால் விண்ணப்பம், கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேசத்தான் நாக்கு எழாது. அதைப் பற்றியும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

யோகன் சித்தப்பாவை உங்களில் பலர் பஸ் யோகனாக அறிவீர்கள். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. காரில் ஏறினாலும் முதலில் இடக் கண்ணாடியைத்தான் பார்ப்பார். காரணம் கேட்டால் சொல்வார்: "வலப்பக்கம் வாறது வாகனம், அது ஹோர்ன் அடிக்கும். இடப்பக்கம் நிக்கிறது சனம். அது அடிக்காது."

போன வருடம் அவருக்கு நீண்ட விடுமுறை கிடைத்தது. அந்தக் கிழமையே கிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து நாற்பது வயது தாண்டிய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கி நோபிள் பார்க் வீட்டு வாசலில் நிறுத்தினார். பார்க்க வந்த நீங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தியது நினைவிருக்கும். உள்ளே செம்மஞ்சள் நிற அலுமாரிகள், மண்ணிற இருக்கைகள், எலிப்புழுக்கை. கூரை ஜன்னலால் எத்தனை வருடம் மழை இறங்கியதோ தெரியாது. சுவர்ப்பலகை வெளியில் நன்றாகத்தான் தெரிந்தது. சித்தப்பா திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. பலகையைக் கழற்றினால் உள்ளே சட்டம் கறுத்திருந்தது. அவர் விரலை வைத்து அழுத்த, விரல் மரத்துக்குள் போயிற்று.

"தட்டாட்டி ஒண்டும் சொல்லாது. தட்டினா எல்லாத்தையும் சொல்லிப்போடும்" என்றார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் அளந்து வரைபடம் போட்டேன். அப்பா சட்டமும் தரையும். சாந்தி சித்தி இருக்கைகளுக்கு உறை தைத்தார். அவர்களுடைய மகள் அபிஷா பாட்டுப் போட்டாள், கேட்டால் பழைய பூச்சைச் சுரண்டவும் செய்தாள். இரண்டு சுவரிலும் மும்மூன்றாக ஆறு அலுமாரிக் கதவுகள். அவற்றைத் தேய்த்து வார்னிஷ் அடிப்பது சித்தப்பாவின் பொறுப்பு. முடிந்ததும் கேரம் டவுன்ஸ் கோயிலில் பூசை. மறுநாள் காலை கிரேட் ஓஷன் ரோட் என்ற கடலோரத் தெருவால் அடிலெய்ட் பயணம். சித்தப்பா ஓட்ட, நாங்கள் ஐந்து பேரும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியம் தொடங்கினால் பூசை முடியும்வரை நோய், முறிவு, விபத்து என்று எந்தச் சொல்லும் வாயில் வரக்கூடாது. உக்கிய சட்டம் என்று சொல்ல முடியாது, "மாத்த வேண்டிய மரம்". அபிஷா ஒருநாள் வண்டி இயங்காதபோது பட்டறி செத்துப்போச்சு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். "எழும்பாத பட்டறி எண்டு சொல்லு" என்றார் சித்தி. அன்று எல்லோரும் சிரித்தோம்.

கதவுகள் முடிந்துவிட்டன என்று சித்தப்பா சொன்ன நாள் நாங்கள் பார்க்கப் போனோம். ஒவ்வொரு கதவிலும் ஒரு பாதி பளபளத்தது. மற்றப் பாதி வெறும் மரமாகக் கிடந்தது.

"அரைச் சம்பளமோ?" என்றார் சித்தி.

"முழுக்க அடிச்சனான். உங்களுக்குக் கண் தெரியேல்லை."

"சாப்பாட்டிலயும் இப்ப இந்தப் பகிடிதான். கோப்பையில பாதிச் சோறு கிடக்க, சம்பல் இல்லையோ எண்டு கேக்கிறார். சம்பல் அங்கதான் கிடக்கு."

சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கதவைப் பார்த்தபோது அவர் முகத்தில் பகிடி இருக்கவில்லை.

அடுத்த நாள் அளவெடுக்கத் தனியாக உள்ளே போனேன். வெறுமையான பாதிகளைப் பார்த்துக்கொண்டே நடுவில் நின்றேன். ஒரு சுவரைப் பார்த்தால் கதவுகளின் இடப்பாதி வெறுமை. திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அங்கேயும் இடப்பாதி. வெளிச்சக் குறைவென்றால் வண்டியின் ஒரே முனைப் பக்கம்தான் விடுபட்டிருக்க வேண்டும்: ஒரு சுவரில் இடப்பாதி, எதிர்ச்சுவரில் வலப்பாதி. பிழை வண்டியில் இல்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், அவருக்கு இடப்பக்கம் இருந்தது விடுபட்டுப் போயிருந்தது.

பூசைக்கு அப்போது மூன்று கிழமை இருந்தது. நான் சொல்லி அது பிழையாகிவிட்டால், இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவரின் லைசென்ஸை என் வாயால் பறித்தவளாவேன். சரியாகிவிட்டால்? மெல்பேர்னிலிருந்து அந்தக் கடலோரத் தெருவால் போகும்போது கடல் இடப்பக்கம் இருக்கும். சில வளைவுகளில் தெருவுக்கும் பாறை விளிம்புக்கும் இடையில் ஒரு தாழ்ந்த கம்பிதான். வரைபடத்தில் அந்தத் தெருவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பூசைக்கு முதல்நாள் குசினியில் சித்தியிடம் தொடங்கினேன். "சித்தி, சித்தப்பாவை ஒருக்கா டொக்டரிட்ட..."

சித்தி கரண்டியை வைத்துவிட்டார். "நாளைக்கு வண்டி கோயிலுக்குப் போகுது. இப்ப அந்தக் கதை கதையாதை. வாயில நல்லது வரட்டும்."

நான் நிறுத்திக்கொண்டேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை இடச் சில்லுகள் தெருவோரத்தில் புடைத்திருந்த எச்சரிக்கைக் கோட்டில் ஏறி வண்டி உறுமியது. "ரோட்டு சரியில்லை" என்றார் சித்தப்பா. முன் இருக்கையில் அப்பா கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவரும் வாய் திறக்கவில்லை.

கோயில் வாசலில் சித்தப்பா வண்டிக்கு முன்னால் நின்று விளக்குக்குச் சந்தனம் வைத்தார், ஒரு விளக்குக்கு மட்டும். "இந்த லைட்டுக்கு?" என்று ஐயர் கேட்டார். "வைச்சனான் ஐயா" என்றார். ஐயர் சிரித்துக்கொண்டு தானே வைத்தார். எலுமிச்சம்பழங்கள் சில்லுக்குக் கீழே நசுங்கின. தட்டில் வைத்துப் பூசை செய்த சாவியைச் சித்தி என்னிடம் தந்து, சித்தப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

எனக்கு இன்னும் சொல் வரவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.

"சித்தப்பா, இந்தாங்கோ சாவி."

அவர் வலப்பக்கம் திரும்பினார். "எங்க?"

"இஞ்ச."

இன்னும் வலப்பக்கம் திரும்பினார். அங்கே வாகனத் தரிப்பிடம் மட்டும் இருந்தது.

"பிள்ளை, நீ எங்க நிக்கிறாய்?"

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். "டாட், ஸ்டொப் இட்" என்றாள் அபிஷா. சித்தி கையில் தேங்காய்ப் பாதிகளோடு நின்றார். அப்பா சுற்றி வந்து சித்தப்பாவின் வலக்கையைப் பிடித்தார். என்னிடமிருந்து சாவியை வாங்கி, வண்டியை அவரே வீட்டுக்கு ஓட்டினார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. அதனால்தான் இடப்பக்கத்து உலகம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. இல்லாததும் அவருக்குத் தெரியவில்லை. இனி வாகனம் ஓட்டக்கூடாது என்றார்கள். சித்தப்பா இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. சித்தி ஒருதடவை சொன்னார்: "நீ சும்மா இருந்திருந்தா இன்னும் ஒரு கிழமை சந்தோசமா இருந்திருப்பார்." அது பொய்யில்லை.

ஒருநாள் அவர் என்னை வண்டிக்குள் கூப்பிட்டார். புதிய இருக்கையில் இருந்தார். நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்ப தெரிஞ்சது?"

"கதவைப் பாத்த அடுத்த நாள்."

அவர் மனதுக்குள் எண்ணினார். "அப்ப மூண்டு கிழமை."

"ஓம். பூசை முடியட்டும் எண்டு..."

"உன்ர சித்தி கடவுளையே வாய் பொத்த வைப்பா" என்று கொஞ்சம் சிரித்தார். பிறகு திருப்புளியை எடுத்து மடியில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த மூண்டு கிழமையும் அபிஷாவைப் பள்ளிக்கூடத்தில இறக்கினது நான்தான், பிள்ளை."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. நான் கடலை மட்டும்தான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாள் காலையும் அவருடைய இடப்பக்க இருக்கையில் அபிஷா இருந்ததை நினைக்கவே இல்லை.

சிகிச்சைக்கு நடுவில் ஒரு கிழமை இடைவெளி கிடைத்தது. அப்பா ஓட்ட, அந்தக் கடலோரத் தெருவால் அப்போலோ பே வரை போனோம். சித்தப்பா முன் இருக்கையில். இடப்பக்கம் முழுக்கக் கடல் இரைந்துகொண்டே வந்தது. அவர் நேரே பார்த்துக்கொண்டு, "கடல் எப்ப வரும்?" என்று மூன்று தடவை கேட்டார். "வரும்" என்றார் அப்பா. மறுநாள் திரும்பும்போது கடல் வலப்பக்கமாயிற்று. முதல் வளைவில் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்திட்டுது" என்றார். கடல் மறையும்வரை வலப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐந்து கதவுகளுக்கு நானும் அபிஷாவும் முழுதாக வார்னிஷ் அடித்துவிட்டோம். ஆறாவதுக்கு அடிக்கத் தூரிகையோடு வந்த சித்தி, அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதை நீ கொண்டுபோ" என்றார். அது இப்போது என் அறையில் சுவரில் சாய்ந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கதவும், அந்த மூன்று கிழமையும்.

நேற்று, இந்தக் கல்வெட்டுக்குப் படம் தேட மேலே ஏறிய அப்பா படியில் இரண்டு தடவை நின்று நெஞ்சைத் தடவியதைப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் முடியும்வரை வீட்டில் இப்படியான கதை கூடாது. சித்தியும் பக்கத்தில்தான் இருந்தார். அவர் முன்னாலேயே கேட்டேன்.

"அப்பா, நெஞ்சுக்குள்ள என்ன செய்யுது?"

சித்தி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கதையாதை என்று சொல்லவில்லை. நாளைக்கு டொக்டரிடம் போகிறோம். கார் நான் ஓட்டுவேன்.