சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

மாமியார் மருமகளைப் புகழ்ந்தால் அக்கம்பக்கம் நம்பாது. என்னவோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைக்கும். நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் மருமகள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் பார்க்கிறாள். எட்டாவது வரை படித்தவள். அங்கே அவளுக்குப் 'பச்சைத்தண்ணி' என்று பட்டப்பெயர். ஆபரேஷன் அறையிலிருந்து வருகிற விரிப்புகளை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், பிறகுதான் கொதிநீர். எடுத்த எடுப்பில் சூடு பட்டால் ரத்தக்கறை நூலுக்குள் வெந்து உட்கார்ந்துகொள்ளும், எந்தச் சோப்புக்கும் அசையாது. புது ஆள் யார் மெஷினில் கை வைத்தாலும், "பச்சைத் தண்ணி! முதல்ல பச்சைத் தண்ணி!" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள்.

அழுக்கு மூட்டையை அவள் உதற மாட்டாள், நெஞ்சோடு அணைத்துத் தூக்கவும் மாட்டாள். மேசையில் வைத்து மடிப்பு மடிப்பாகப் பிரிப்பாள். உள்ளே ஊசி கிடக்கும், பிளேடு கிடக்கும். ஒரு தடவை பல்செட் கிடந்தது. கட்டில் கட்டிலாகப் போய், "தாத்தா, வாயைத் திறங்க" என்று தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். "கழுவிட்டுதான் அத்தை குடுத்தேன்" என்று என்னிடம் சத்தியம் வேறு.

போன வருடம் மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினாராம். நாடு முழுவதற்கும் திறன் மேம்பாட்டுத் திட்டம் போடுகிறார்கள். எந்த வேலைக்கு என்ன திறன் வேண்டும் என்று பட்டியல். சலவைக்கு நேரே 'திறன் தேவைப்படாத வேலை' என்று போட்டிருந்தது. அடுத்த பக்கத்திலேயே, மெஷினைத் தொட இனிமேல் சான்றிதழ் வேண்டும், அந்தப் படிப்பில் சேரப் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றும் இருந்தது. திறனே வேண்டாத வேலைக்குச் சான்றிதழ் எதற்கு? கேட்க நாதியில்லை. என் மருமகள் மெஷினை விட்டுவிட்டுத் தள்ளுவண்டி தள்ளப் போக வேண்டியதுதான்.

"இது முடிவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சிருக்காங்க. நம்ம பக்கத்துல ஒரு ஆள் போகலாம், நீயே போ" என்றார் மேற்பார்வையாளர்.

மூன்று நாள் அடுப்படியில் நின்று பாத்திரங்களிடம் பேசிப் பழகினாள். தனியாகப் போகப் பயந்ததால் நானும் கூடப் போனேன்.

கூட்டம் ஒரு ஹோட்டல் மாடியில். வாசலில் ஒரு பெண் தாளை நீட்டினாள். "கையெழுத்து போட்டுட்டுப் பையை வாங்கிக்கோங்க. சாப்பாட்டு டோக்கன் உள்ளேயே இருக்கு." மருமகள் போட்டாள். எனக்கு அந்தப் பெண் மைப்பெட்டியைத் திறந்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு."

"சும்மா வந்தவங்க பேருதான் பாட்டி."

"சும்மான்னா என் விரல் எதுக்கு?"

மருமகள் என் முழங்கையைக் கிள்ளினாள். "அத்தை, மானத்தை வாங்காதீங்க." நான் விரல் வைக்கவில்லை. எனக்குப் பையும் கிடைக்கவில்லை, டோக்கனும் கிடைக்கவில்லை.

மேடையில் மெஷின் விற்கிறவர், கல்லூரி முதல்வர், தொழிலாளர் சார்பில் என்று ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர். ஆட்டுக்காகப் பேச ஓநாயைக் கூப்பிட்ட கதை! பகல் ஒரு மணி வரை அவர்களே பேசினார்கள். நடுவில் கலர் சீட்டு கொடுத்து, அவரவர் வேலைக்குத் தேவையான திறனை ஒரு வரியில் எழுதச் சொன்னார்கள். 'எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர் என்று தெரிவது' என்று இவள் எழுதினாள். கூட்டத்தை நடத்திய அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "இது வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா." சீட்டைப் பலகையின் மூலையில் ஒட்டினார்.

இவள் கைக்கு மைக் வரும்போது சாப்பாட்டு மூடிகளைத் திறந்துவிட்டார்கள். "ஐயா, ஆஸ்பத்திரித் துணியில..." என்று ஆரம்பித்தாள். தட்டுச் சத்தம். "சுருக்கமா, சுருக்கமா" என்றார் அதிகாரி. மைக்கை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார்.

மருமகள் தன் டோக்கனுக்கு வாங்கிய தட்டை என் கையில் கொடுத்தாள். "நீங்க சாப்பிடுங்க அத்தை, எனக்கு இறங்கலை." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பசி, சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, சான்றிதழ் படிப்பு நடத்துகிற ஆசிரியர் சலவைக்கூடத்துக்கே செய்துகாட்ட வந்தார். ஆபரேஷன் விரிப்புகளை நேரே கொதிநீரில் போட்டார். இவள் கத்தினாள். "சூடுதான்மா கிருமியைக் கொல்லும், புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். அத்தனை விரிப்பும் துருப்பிடித்த தகரம் மாதிரி வெளியே வந்தன. அதே வாரம் அந்தக் கூட்டத்தின் அறிக்கையும் வந்தது. 'சலவைத் தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர்கள் ஒப்புதல் தெரிவித்தனர்.' அதற்கு ஆதாரம், வாசலில் வாங்கிய அந்தக் கையெழுத்து!

கெட்டுப்போன விரிப்பு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். நானும் போனேன்.

"ஒப்புதல்னு யார் சார் சொன்னது?"

"நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்களே."

"அது சாப்பாட்டுக்குப் போட்டது."

"எல்லாக் கூட்டத்துலயும் அப்படித்தான்மா வாங்குவோம்."

"சரி சார். 'இது சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து'ன்னு எழுதிக் குடுங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அப்படியெல்லாம் எழுத முடியாது."

"ஒப்புதல்னு மட்டும் எழுத முடியுது!" விரிப்பை அவர் மேசைமேல், கோப்புகளின் மேலேயே விரித்தாள். "துவைச்சதுதான், பயப்படாதீங்க. உங்க சான்றிதழ் துவைச்சது. இதுல உங்க அம்மாவைப் படுக்க வைப்பீங்களா?"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தச் சாப்பாட்டைத் தின்னவ நான், தம்பி. அவ ஒரு பருக்கை தொடலை. தின்ன நான் விரல் வைக்கலை. அப்புறம் யாரு உங்களுக்கு ஒப்புதல் சொன்னது?"

மருமகள் ஒரு தாள் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே எழுதினாள்: 'நான் ஒப்புதல் தரவில்லை. என்னைப் பேச விடவில்லை.' சீல் வைத்து நகல் தரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு பேரும் அதே மாதிரி எழுதி அனுப்பினார்கள்.

பதில் வந்தது. சலவை வேலைக்கு மட்டும் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மறுபடியும் கூட்டமாம், அதே ஹோட்டல், மதிய உணவு உண்டு என்று தனியாகக் குறிப்பு வேறு. இவள் திருப்பி எழுதினாள்: 'காலை ஆறு மணிக்கு ஆபரேஷன் துணி வரும். நீங்கள் சலவைக்கூடத்துக்கு வாருங்கள். மூட்டை பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.'

நாலு மாதம் ஆகிறது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் இன்னும் மெஷினில்தான் நிற்கிறாள், எதுவரை என்று தெரியாமல். நேற்று, மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"அது எதுக்குடி?"

"அதிகாரி வந்தா உக்கார வேண்டாமா அத்தை?"

"எடுத்து உள்ளே போடு. நீ இருபத்திரண்டு வருஷம் நின்னுட்டுத்தானே இருக்கே? அவரும் நின்னு பார்க்கட்டும்."