இடிக்குப் பிளக் கழற்றும் வீடு

இடிச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்கார அண்ணைக்குக் கை சும்மா இருக்காது. வீடு முழுக்க ஓடி எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவார். யாழ்ப்பாணத்தில் இடியில் ரேடியோ கருகிய காலத்துப் பழக்கம். புலம்பெயர்ந்து வந்த இந்த வெக்ஸ்போர்டில் அவருடைய நிலக்கீழ் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். துணி துவைக்கும் இயந்திரம் என் மேசைக்குப் பக்கத்தில் நிற்பதால் நினைத்த நேரம் இறங்கி வருவார்.

மேசைக்கு அடியில் என் கணினி. அதற்குள் மென்பொருளால் ஆன மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. நான் ஒப்பந்தத்தில் செய்யும் வேலை முழுவதும் அவற்றில்தான். போன வசந்தத்தில் அவர் பிளக்கை இழுத்ததில் ஒன்றின் தரவுத்தளம் சிதைந்தது. இன்னொரு முறை நடந்தால் ஒப்பந்தம் இல்லை என்றார் மேலாளர்.

ஒரு பற்றரிப் பெட்டி வாங்கினேன். கரண்ட் போனால் பெட்டி கத்தும்; கணினியைச் சில நிமிடம் ஓட்டிக்கொண்டே அதற்கும் சொல்லும். நான் எழுதிய நிரல் மூன்றையும் ஒழுங்காக மூடச் சொல்லி, மூடும்வரை காத்திருந்து, கடைசியில் கணினியையும் நிறுத்தும். அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. பயம்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான பிக்கரிங்கில் நிற்கும்போது வானம் கறுத்தது. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, என்ர கொம்பியூட்டரைத் தொடாதேங்கோ."

"சுவர்ப் பிளக்கை எப்பவோ கழட்டிட்டன். இப்ப உந்தப் பெட்டி கத்துது. என்ன வச்சிருக்கிறாய், குண்டோ?"

"பற்றரி அண்ணை. அதிலயிருந்து கொம்பியூட்டருக்குப் போற வயரைக் கழட்டினா என்ர வேலை போயிடும்."

"இடி விழுந்தா என்ர வீடு போயிடும்."

"கொம்பியூட்டர் தானா நிக்கும். அதின்ர லைற் நூர்ந்து அணைஞ்ச பிறகு கழட்டுங்கோ."

"தானா நிக்குமெண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் எழுதினன்."

"நீயோ? நீ தண்ணிக் குழாய் பூட்டின வடிவு எனக்குத் தெரியும்."

போனுக்குள் பெட்டி கத்தியது. அப்போதுதான் உறைத்தது. மூன்றில் ஒன்று மூட மறுத்தால் என் நிரல் அதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும், பற்றரி தீரும்வரை. காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை எதுவும் நான் வைக்கவில்லை. மடையன்.

"நூர்ந்திட்டுது," என்றார். "பெட்டிதான் இன்னும் கத்துது. கழட்டட்டோ?"

"கழட்டுங்கோ."

வீட்டுக்கு வந்தும் பிளக்கைக் குத்தக் கை வரவில்லை. குத்தினேன்; பெட்டி ஒருமுறை கத்தியது. முதலாவது எழுந்தது. இரண்டாவதும் எழுந்தது. மூன்றாவது கறுப்புத் திரையோடு கிடந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் மெதுவாக எழுந்தது. தரவு அப்படியே இருந்தது.

"மழை விடேல்லை, ஆரடா பிளக் குத்தினது?" என்று மேலேயிருந்து சத்தம்.

காத்திருப்புக்கு எல்லை வைத்து நிரலை அன்றே திருத்தினேன். திருத்தியதை இன்னும் சோதிக்கவில்லை.