வருங்காலனின் முதல் முகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு சிறுமி என் அத்தானின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்ற அந்த மாலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இராஜபாளையம் பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா வெட்கத்தோடு இழுத்துப் பார்த்தாள். "வருங்காலா, என்னையும் உன் காலத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. வேலை முடிந்து நேரே என்னோடு கடைக்கு வந்து, தலைமயிரில் பஞ்சுத்தூசியும் கக்கத்தில் சாப்பாட்டுப் பையுமாக நின்ற அத்தான் சிரிக்கவில்லை. குனிந்து, "நல்லாப் படிச்சு முடி தாயி. பொறவு நானே வாரேன்" என்றார். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் ஏறினோம். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. எடுப்புப் பல், கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. அந்த முகத்தை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. ஆனால் குரல் வேறு. எங்கள் சபையில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவர் வேதபாடம் வாசித்தபோது, கல்யாணத்தைப் படம்பிடிக்க வந்த ஸ்டுடியோக்காரர், கேமராவை மணமக்களிடமிருந்து திருப்பி அவர் மேல் வைத்துவிட்டார். அந்தக் குரலுக்காகத்தான் ஸ்டுடியோக்காரரின் இணையத் தொடரில் வருங்காலன் பிறந்தான். மழை பெய்யாத ஒரு எதிர்காலத்திலிருந்து தப்பி நம் ஊர்க் கண்மாய்க்கரையில் வந்து விழுகிற மனிதன். அவனுக்குச் சாவு கிடையாது. வெள்ளி நிற ரெக்சினில் அவனுக்கு உடுப்புத் தைத்தது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் படம்பிடித்து, இணையத்தில் விட்டார்கள். மம்சாபுரத்துப் பிள்ளைகளும் சேத்தூர்ப் பிள்ளைகளும் வருங்காலனின் முத்திரையைப் பேனாவால் கையில் வரைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

பிறகு ஒரு ஜவுளிக்கடை முதலாளி தொடருக்கு விளம்பரம் தர முன்வந்தார். எங்கள் எதிரிலேயே செல்போனில் அத்தானின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவன் ஹீரோவா, லோடுமேனா?" என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் சிரித்தார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

அடுத்த படப்பிடிப்பு பேண்டேஜ் துணி அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் நடந்தது. கால இயந்திரம் வெடித்து வருங்காலன் உடம்பெல்லாம் வெந்துபோகிறான். தலை முதல் கால் வரை கட்டுப்போட வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை அவ்வளவுதான். நான்தான் சுற்றினேன். மூக்கு மறையும்போது, "மெதுவாச் சுத்து கொழுந்தியா, இது நான் ஓட்டுன தறியில நெய்ஞ்சதாக்கும், கிழிச்சிராத" என்று துணிக்குள்ளிருந்து சிரித்தார். அந்த வெக்கையில், விளக்குச் சூட்டில், மூச்சு முட்ட அவரைப் படுக்கவைத்துப் படம்பிடித்தார்கள். கட்டை அவிழ்த்து அவர் எழுந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கியது போன்ற ஒரு இளைஞன் இறங்கினான். "இந்தத் தம்பிக்கு அளவு எடுத்துக்கோங்கக்கா" என்று என்னிடம் சொன்னார் ஸ்டுடியோக்காரர்.

வியர்வை சொட்டச் சொட்ட நின்ற அத்தான், "இவரு யாரு?" என்றார்.

"வருங்காலனுக்குச் சாவு கிடையாதுல்லாண்ணே. கட்டை அவுத்தா வேற மூஞ்சி. கதை அப்பிடி."

"அப்பொ நானு?"

"கோவிச்சுக்கிடாதீங்க. உங்க பாகம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். அதே துணியை அந்த இளைஞனுக்குச் சுற்றச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். வேறொருவர் சுற்றினார். அத்தானின் வியர்வை அதில் இன்னும் காயவில்லை. பையன் முகத்தைச் சுளித்தான்.

பழைய பாகங்கள் முழுவதையும் முதலாளி நீக்கச் சொல்ல, அவையும் இணையத்திலிருந்து போயின. தறிக்கூடத்தில் அத்தானுக்கு 'எக்ஸ்பைரி' என்று பெயர் வைத்தார்கள். முன்பு கையைப் பிடித்த பிள்ளைகளில் ஒருவன் தெருவில் அவரைப் பார்த்து, "நீ டூப்பு வருங்காலன்" என்று கத்தினான். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தவறாமல் பார்ப்பார். வசனத்துக்கு அவர் உதடு அசையும். ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்குப் புதியவன் வந்தபோது வரிசையில் நின்று அவனிடம் போய், "தம்பி, 'காலம்'னு சொல்லும்போது செத்த நேரம் நிறுத்திப் பேசணும்" என்று சொல்லியிருக்கிறார். அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "படம் எடுத்தாச்சுல்ல, நகருங்க" என்றானாம். இதை அக்காவிடம் சொன்னபோதும் அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் போய்விட்டார். தறிக்கூடத்து நண்பர்கள் அழுதுகொண்டே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கப் போனார்கள். கேலி செய்தவர்களும் அவர்கள்தான்; அந்த அழுகையும் பொய்யில்லை. நல்ல படம் யாரிடமும் இல்லை. "வருங்காலனா நடிச்சவரு, நெட்டுல கிடக்கும்" என்று கடைக்காரப் பையனிடம் பெயரைச் சொல்லிவிட்டு மாலை வாங்கப் போய்விட்டார்கள். அவன் தேடினான். கிடைத்த முகம் ஒன்றுதான். அத்தானின் பெயருக்கு மேலே, வெள்ளி உடுப்பில் அந்த இளைஞன் சிரித்துக்கொண்டிருந்த பிளக்ஸ் எங்கள் தெருமுனையில் எழுந்தது.

யாரோ அதைப் படமெடுத்துப் பரப்ப, வருங்காலன் செத்துவிட்டான் என்று பிள்ளைகள் ஊரெல்லாம் அழ ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் ஸ்டுடியோக்காரர் அந்த இளைஞனோடு வந்துவிட்டார். துக்கத்துக்கு வந்திருக்கிறார் என்று எண்ணி நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர்கள் உள்ளே வரவில்லை. பிளக்ஸுக்கு முன்னால் இளைஞனை நிறுத்தி, "நான் உயிரோடுதான் இருக்கிறேன், வதந்திகளை நம்பாதீர்கள்" என்று சொல்லவைத்துப் படம்பிடித்தார்கள். பெண்களின் அழுகைச் சத்தம் இடையில் புகுந்து இரண்டு தடவை கெட்டுப்போனது. ஸ்டுடியோக்காரர் பந்தலுக்கு வந்து என்னிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, செத்த நேரம் அழுகைய நிறுத்தச் சொல்லுங்க. ஆடியோவுல ஏறுது."

வாசலோரம் இருந்த பெண்களுக்கு அது கேட்டுவிட்டது. பழக்கமில்லாத மனிதர், கையில் பெரிய கேமரா; ஏதோ அதிகாரி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒவ்வொருவராக வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீடு அமைதியானது. ஃபிரீசர் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. தெருமுனையில் அந்த இளைஞன் பிசிறில்லாமல் பேசி முடித்தான்.

அக்கா எழுந்து வாசலுக்கு வந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஸ்டுடியோக்காரரை மரியாதையாகவே கேட்டாள்.

"தம்பி, எடுத்து முடிச்சாச்சா? நாங்க அழலாமா?"

அவர் சரி என்று தலையாட்டினார். அக்கா உள்ளே போய் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

இப்போது வருங்காலனாக மூன்றாமவர் ஒருவர் நடிக்கிறார். அன்று எடுத்த காணொளி இன்னும் சேனலில் இருக்கிறது. ஒலி மிகத் தெளிவு.