பீரோ கண்ணாடியில் மாப்பிள்ளை

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு நடு அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. கதவில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால், சமையலறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற எனக்கு முன்னறையில் ஓடும் டிவி தெரியும். பந்தைச் சுவரில் சாய்த்து அடித்தால் அதே சாய்வில் மறுபக்கம் போகுமே, வெளிச்சமும் அப்படித்தான் என்று டியூஷனில் சொல்லியிருந்தார்கள். அதை நான் கிரிக்கெட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டேன். வலதுகைக்காரர்கள் எல்லாரும் இடதுகையால் ஆடுவார்கள், ஸ்கோர் இடம்வலம் மாறித் தெரியும். அதனால் என்ன, சிக்ஸர் சிக்ஸர்தானே.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கையான என் குப்பியை பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மாமல்லபுரத்தில் சிப்பிச் சாமான் கடை. எங்கள் வழக்கப்படி அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் பெண்ணைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை ஆண்களோடு முன்னறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்ன வேண்டியதுதான். குப்பிக்குக் காட்டியதெல்லாம் ஒரு ஸ்டுடியோ போட்டோ. அதிலும் ஸ்டுடியோக்காரர் முகத்துக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்கு அவர்கள் எழுந்திருப்பதற்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

வந்த பெண்கள் படுக்கையறையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். டீ போடுகிற சாக்கில் குப்பி சமையலறைக்கு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மூஞ்சியே பாக்காம எப்டிடி சரின்னு சொல்றது? காலம் பூரா கூட இருக்கப்போறது நானு."

எனக்கு மனசு கேட்கவில்லை. "இவ்ளோதானா? இரு குப்பி" என்று போய்ப் பீரோ கதவைத் திறந்து வைத்தேன். டிவிக்குப் பக்கத்து நாற்காலி கண்ணாடிக்குள் வந்தது. அதில்தான் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"காது மட்டும்தான் தெரிது. இன்னும் கொஞ்சம் தெற."

திறந்தேன். திரும்பி வந்து குப்பி பக்கத்தில் நின்று பார்த்தேன். முழு முகமும் தெரிந்தது, மீசை, கையில் கடிக்காத பிஸ்கட் உட்பட. குப்பி முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு அதையே கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். ஆளில்லாத இடத்தில் எதற்கு இந்த அலங்காரம் என்று எனக்குப் புரியவில்லை.

"பயப்படாத குப்பி. நான் டெய்லி பாத்துகினு கீறேன், ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்டியா?" என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன்.

மறுபடி பார்த்தால், மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அத்தா ஏதோ சரக்கு லாரி கதை சொல்லிக்கொண்டிருக்க, அவர் எங்கள் பீரோவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கவலையாகிவிட்டது.

"குப்பி, ஆளு ஒரு மாதிரி கீறாரு. பீரோவப் பாத்து சிரிக்கிறாரு. வேணான்னு சொல்லிடு."

"பரவால்ல. நீ போயி அத்தாவ உள்ள கூப்டு" என்றாள். அத்தா வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

அவர்கள் போன பிறகு அத்தா பூரித்துப்போனார். "நல்ல புள்ள. அவ்ளோ நேரம் ஒக்காந்துகினு இருந்துச்சு, சமையக்கட்டுப் பக்கம் ஒரு தபா கூடத் தலையத் திருப்பலயே."

நானும் ஆமாம் போட்டேன். டிவியில் மட்டை பிடித்த ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதனால் கண்ணாடி ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்யும் என்று நம்பியிருந்தேன். அவர் முகம் நம் கண்ணுக்கு வருகிற அதே வழியில் நம் முகமும் அவர் கண்ணுக்குப் போகும் என்பது பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

குப்பி அந்த வருஷம்தான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள், முதல் வகுப்பில்.