பச்சைப் பெட்டி யாரிடம்?

கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து நின்றுகொண்டிருந்தபோது கலியபெருமாளின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா காலையில போயிட்டாங்க மாமா" என்றாள். பிறகு, "அந்தக் கேசட்டை உங்ககிட்ட குடுத்துடணும்னு சொல்லியிருந்தாங்க" என்றாள். எந்தக் கேசட் என்று நான் கேட்கவில்லை.

கலியபெருமாளிடம் பிறப்புச் சான்றுக்காக வரிசையில் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரின் நகராட்சி அலுவலகத்தில் அவர் எத்தா சிவில் என்னும் குடிமைப் பதிவுப் பிரிவில் இருந்தார். பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைப் படித்து நகல் எழுதிக் கொடுப்பது வேலை. நான் பக்கத்து மேசையில் வீட்டுவரி பார்த்தேன். ஒரு தாத்தா எந்த ஆண்டில் பிறந்தார் என்று அவர் படித்துச் சொல்வதை வைத்துப் பேரன் பிரெஞ்சுக் குடிமகனா இல்லையா என்பது முடிவாகும். அப்படிப்பட்ட மேசைக்கு முன்னால் நிற்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். என் மேசைக்கு முன்னால் அந்த வழக்கம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். அங்கே தொலைக்காட்சியில் போட்ட ஒரு பழைய பிரெஞ்சுத் திருட்டுப் படத்தின் பதிவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெக் வாடகைக்கு எடுத்துக் கலியபெருமாள் வீட்டுக் கூடத்தில் போட்டார்கள். பாதித் தெரு உள்ளே இருந்தது, மீதி ஜன்னலில் இருந்தது. வண்ணப் படம் என்று சொல்லியிருந்தார்கள். கருப்பு வெள்ளையில் ஓடியது. டெக் கொண்டுவந்த கடைக்காரர் ஹமீது பாய், பிரான்ஸில் வண்ணத்தை வேறு முறையில் பதிகிறார்கள், நம் ஊர்ப் பெட்டியில் அது வராது என்று விளக்கினார். "கலர் வேணும்னா சார், டிவியை பிரான்ஸ்ல வாங்கணும். இல்லாட்டி டிவியை இப்படியே வச்சுக்கிட்டு நாட்டை மாத்திக்கணும்."

கலியபெருமாள் நின்றபடியே மொழிபெயர்த்தார். அவருடைய பிரெஞ்சு முழுவதும் பதிவேட்டில் கற்றது. எனவே ஒவ்வொரு திருடனும் திரையில் வந்ததும் அவன் வயது என்ன, தொழில் என்ன, யார் முன்னிலையில் வந்தான் என்பதைத்தான் முதலில் சொன்னார். தாய் தந்தை பெயரை மட்டும் விட்டுவிட்டார். கதை இதுதான்: பணம் பச்சைப் பெட்டியில், வெறும் செய்தித்தாள் சிவப்புப் பெட்டியில். நிறத்தைத் தவிர இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ரயில் நிலையத்தில் பெட்டிகள் மூன்று தடவை கைமாறுகின்றன. ஒன்றோடு கதாநாயகி ரயில் ஏறுகிறாள். மற்றதைக் கதாநாயகன் விடுதி அறையில் திறக்கிறான். உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை, அவன் சிரிப்பதைத்தான் காட்டுகிறார்கள். படம் முடிந்துவிடும். எங்கள் கூடத்தில் இரண்டு பெட்டியும் ஒரே சாம்பல் நிறம்.

"பணம் யார்கிட்ட சார்?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார்கள்.

"அவகிட்ட" என்றார் கலியபெருமாள். "இவன் ஏமாந்துட்டான். அதான் தன்னை நெனச்சே சிரிக்கிறான்."

பின்வரிசையில் தண்டபாணி இருந்தார். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வூதியம் வாங்குபவர், அதனால் ஊருக்குச் சொல்தா தண்டபாணி. "யோவ், நீ பொறப்பு எறப்பு எழுதற ஆளு. காசு கையில இருக்கறவன் சிரிப்பு ஒனக்குத் தெரியுமா? பணம் அவன்கிட்டதான்யா."

"பாத்துச் சொல்லுங்கண்ணே. எது பச்சை?"

சொல்தாவுக்கும் தெரியவில்லை. அவருக்கு உண்மையான பிரெஞ்சு தெரியும். ஆனால் படத்தில் நிறத்தைச் சொன்னார்களே தவிர, கைமாறும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் நான் கேட்டேன், தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்று. "தெரியலைன்னு சொன்னா அப்பறம் எவன் சார் என்கிட்ட பத்திரத்தை நீட்டுவான்?" என்றார். அவர் பயந்தது நடந்தது. அந்த வாரமே இரண்டு பேர் அவரிடம் நகல் வாங்கிக்கொண்டு நேராகச் சொல்தா வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தார்கள். நகலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் போனார்கள் என்பது அவர் காதுக்கு வந்துவிட்டது. அன்று மாலை கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் படத்தின் பெயருக்குக் கீழே தன் பதிவேட்டுக் கையெழுத்தில் எழுதினார்: "பச்சைப் பெட்டி அவளிடம்." எது பச்சை என்று கேட்டுத் தம்பிக்குக் கடிதமும் போட்டார். அவர் அங்கே பனி அதிகம் என்று பதில் எழுதினார்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணப் பந்தியில் இருவரும் சந்தித்தாலும் சொல்தா, "பெட்டி கெடச்சுதா?" என்பார். கலியபெருமாள் இலையைப் பார்த்துச் சாப்பிடுவார்.

இருபது வருடம் கழித்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று, சொல்தாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அதே தம்பியின் மகன் அந்தப் படத்தைக் குறுந்தகட்டில் கொண்டுவந்தான். என் வீட்டில் கருவி இருந்தது. ஒரு காலை வேளையில் உட்கார்ந்தோம். அழுக்கு, கோடு, நடுக்கம் எல்லாம் துடைத்த பதிப்பு. இரவு வானம் துணியில் வரைந்தது என்பதும், சுவர் ஏறிக் குதிப்பவர் கதாநாயகன் அல்ல, பின்மண்டை வழுக்கையான வேறொருவர் என்பதும் கேசட்டில் தெரியாமல் இருந்தது நல்லதென்று தோன்றியது. கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. அன்று கலியபெருமாள் சாட்சி என்று அறிமுகப்படுத்திய ஆள் சமையல்காரர். அதற்கு அவரே சிரித்தார்.

ரயில் நிலையம் வந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தோம். அவள் கையில் சிவப்பு. விடுதி அறையில் கட்டில் மேல் பச்சை, நாற்றங்கால் பச்சை.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "இப்பல்லாம் தகடு போடறப்ப நிறத்தைக் கணினியில மாத்தறாங்களாம் சார். மொதல்ல எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா?"

"பதிவு தெளிவா இருக்கு சார்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

நேராகச் சொல்தா வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள் வாசலிலேயே நின்று, "அண்ணி, அந்தப் படத்துல அண்ணன் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றார். எந்தப் படம் என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை.

"அப்படியா தம்பி? அவரு கடைசி வரைக்கும், கலியபெருமாள் சொன்னதுதான் சரியா இருக்குமோ, படிச்ச ஆளாச்சேன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு."

தன் வீட்டுக்கு வந்ததும் கலியபெருமாள் கேசட்டையும் பேனாவையும் எடுத்தார். பழைய வரியை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். "பதிவேட்டுல அடிக்கறதுங்கறதே கெடையாது சார். ஓரம் இருக்கு, ஓரத்துலதான் எழுதணும்" என்று அலுவலகத்தில் அவர் எத்தனையோ தடவை சொன்னதை மறந்திருந்தேன்.

அந்தக் கேசட் இப்போது என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. தாளில் பழைய வரி அப்படியே இருக்கிறது. அதன் ஓரத்தில், பொடி எழுத்தில், தேதியோடும் கையெழுத்தோடும்: "திருத்தம். பச்சைப் பெட்டி அவனிடம். தண்டபாணி அண்ணன் கூற்றுப்படி."